ஏழரை மூட்டை

பெருந்துறை ரோட்டில்
கோழிப்பண்ணையை இடித்துக் கட்டிய பிசியோ நிலையத்தில்
ஒரு தொட்டி.
பன்னிரண்டுக்கு எட்டு. நாலடி ஆழம்.
ஜெசிந்தா அதைக் கடல் என்கிறாள்.
மணப்பாட்டுக்காரி, சொல்லலாம்.

நான் கடலை இரண்டு தடவை பார்த்தவன்.
ஒருதரம் திருச்செந்தூர், மகனுக்கு மொட்டை.
இன்னொரு தரம் சரக்கு தேங்கித் தூத்துக்குடிக்கு ஓடியபோது
கன்டெய்னர்களுக்கு நடுவே
ஒரு விரற்கடை நீலம்.

ஆனால் உப்பைத் தெரியும்.
முப்பத்தோரு வருசம் சாயப்பட்டறை.
இளம் ரோஸுக்கு லிட்டருக்கு இருபது கிராம் போதும்,
கருநீலம் எண்பது கேட்கும்,
கருப்பு இன்னும் எச்சாக.
உப்பு பின்னால் நின்று தள்ளத் தள்ள
சாயம் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
வேலை முடிந்த உப்பு எங்கே போனது
என்று நொய்யலைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.
நான் கேட்கவில்லை.

தை மாசத்தில் ஒரு விடியக்காலை
ஷேடு கார்டு கீழே கிடந்தது.
கை அதைப் பிடித்திருப்பதாகவே
நினைத்துக்கொண்டிருந்தது.

வலப்பக்கம் மொத்தமும் போச்சு.
பேச்சில் மிஞ்சியது நிறம் மட்டும்.
தண்ணீர் கேட்க வாய் திறந்தால் "பீச்" என்று வந்தது.
மயிலாத்தாளை "மெரூன்" என்று கூப்பிட்டேன்.
அவள் அழவில்லை.
"மெரூனுக்கு என்ன வேலைங்க?" என்றாள்.

டாக்டர், கொதிப்பு, உப்பைக் குறையுங்கள் என்று
எழுதின சீட்டின் பின்பக்கத்திலேயே
உப்புத் தண்ணீரில் நடக்கச் சொல்லியும் எழுதினார்.
வீட்டில் உப்பில்லாத ரசம்.
இங்கே மார்மட்டும் உப்பு.

தரையில் என் வலதுகால்
கோவித்துக்கொண்டு போன மாப்பிள்ளை,
எத்தனை கூப்பிட்டாலும் வராது.
தண்ணீருக்குள் கொஞ்சம் யோசிக்கிறது.
"குதிகால், அண்ணாச்சி, குதிகாலை ஊனுங்க."
ஊன்றினேனா, தெரியாது.
அவள் முகத்தைப் பார்த்துத்தான்
என் காலைத் தெரிந்துகொள்கிறேன்.

போன செவ்வாய் இறங்கினதும்
உடம்பு ஒரு பிடி கனத்தது.
உதட்டில் பட்டதை நக்கினேன்.
நாக்கில் இடப்பாதி இன்னும் மாஸ்டர்.
"பதினெட்டு" என்றேன்.

நாலு மாசத்தில் முதல்முறையாக
நினைத்த சொல்லே வாயில் வந்தது.
மருந்துப் பையோடு மயிலாத்தா எழுந்து நின்றாள்.
உப்புப் போட்ட ஒடிசாப் பையன் பிபின்
நாலு விரலைக் காட்டினான். நாலு மூட்டை.
ஜெசிந்தா ஃபோனில் கணக்குப் போட்டாள்.
பத்தாயிரத்து எழுநூறு லிட்டர், இருநூறு கிலோ:
பதினெட்டும் சொச்சமும்.
"முப்பத்தஞ்சு" என்றேன். கடலுக்கு அதுதான் கணக்கு.
பிறகு, "ஏழரை."
மூட்டை என்கிற சொல் வரவில்லை.

"ஏழரை போன ஐப்பசியோட முடிஞ்சுதுன்னு
சோசியகாரர் சொன்னாருங்களே!" என்றாள் மயிலாத்தா.
ஜெசிந்தா முதலில் சிரித்தாள்.
எனக்குப் பாதி வாய்தான், அதில் சிரித்தேன்.

இன்னும் மூன்றரை மூட்டை வந்தது.
பட்டறைக்கு வரும் அதே வெள்ளைச் சாக்கு,
அதே சணல் முடிச்சு.
பிபின் பிரித்த விதம் தப்பு,
வால் நுனியை இழுத்தால் தானே அவிழும்.
சொல்லத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.
தண்ணீர் கலங்கி, வெளுத்து, தெளிய அரைமணி.

அப்புறம் சுவரிலிருந்து சுவர்,
பன்னிரண்டடி,
கைப்பிடிக் கம்பியில்லாமல் நடந்தேன்.
எதிர்ச்சுவருக்குக் கீழே
கவிழ்த்த தட்டுப் போல வடிகால் மூடி.
சனிக்கிழமை தொட்டியைக் காலி பண்ணுவார்கள்.
தெற்கே சரிந்த நிலம்.
இந்தத் தண்ணீர் அப்புறம்...

இடதுவிரலை அதற்கு நேராக நீட்டி
"எங்கே?" என்றேன்.

ஜெசிந்தா குனிந்து
தண்ணீருக்குள் என் வலது பாதத்தைத் தொட்டாள்.
"இங்கதான், அண்ணாச்சி. உங்க காலு
இங்கதான் இருக்கு."